ஃபைபர் பிரிண்டை உலர்த்துதல்: ஈரத்தில் இருக்கும் பளபளப்பு எங்கே போகிறது? (இருட்டறைப் புகைப்படக்காரர்களின் உரையாடல் இழை; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

ஈரத்தாள்

வணக்கம். பல ஆண்டுகளாக இருட்டறையில் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. புகைப்படத் தாளிலேயே பிரிண்ட் போட்டுவந்த நான், சென்ற மாதம்தான் முதன்முறையாகப் பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் தாளுக்கு மாறினேன். தடித்த வகை, உறையின் மீது கிளாசி (பளபளப்பானது) என்றே அச்சிட்டிருந்தது. படத்தைத் தோன்றச்செய்யும் டெவலப்பர் முதல் அதை நிலைநிறுத்தும் ஹைப்போ வரை எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கழுவி முடித்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் தொகுதியைப் பழைய பழக்கத்தில் ஒரு மூலைக்கு ஒரு கிளிப் மாட்டிக் கயிற்றில் தொங்கவிட்டேன். மறுநாள் காலையில் ஒவ்வொரு பிரிண்டும் படமுகம் உள்ளே இருக்கும்படி குழாயாகச் சுருண்டிருந்தது. ஒன்றை விரித்துப் பார்க்க முயன்றபோது மேற்பரப்பில் மெல்லிய விரிசல் விழுந்துவிட்டது. இரண்டாம் தொகுதியை வலைச்சட்டத்தின் மேல் படமுகம் கீழாக வைத்தேன். சுருட்டல் பெருமளவு குறைந்தது. ஆனால் கரிய வானப் பகுதியில் வலையின் கட்டங்கள் பதிந்திருந்தன, ஓரங்களும் அலையலையாக நெளிந்திருந்தன.

இவற்றைவிட என்னை உறுத்துவது பளபளப்பு. தண்ணீரிலிருந்து தூக்கும்போது கண்ணாடிபோல் மின்னும் பிரிண்ட், உலர்ந்ததும் கைபட்டுத் தேய்ந்த மரத்தின் மினுக்கத்தோடு நின்றுவிடுகிறது. தாளில் குறையா, என் முறையில் குறையா? உறையில் சொல்லியிருக்கும் அந்தக் கிளாசி உண்மையில் எப்போது கிடைக்கும்?

செவ்விளக்கு

தாளில் குறையில்லை. ஆர்.சி. தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் குறைபோலத் தோன்றுகிறது.

ஆர்.சி. தாளில் காகிதத்தின் இருபுறமும் பாலிஎத்திலீன் பூசப்பட்டிருப்பதால், தண்ணீர் காகித நார்களுக்குள் புகுவதே இல்லை. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் மட்டும் ஊறி, வழவழப்பான பிளாஸ்டிக்கின் மேல் அப்படியே உலர்கிறது. உங்கள் முயற்சி எதுவும் இல்லாமலே பளபளப்பு வந்துவிடுகிறது. ஃபைபர் தாளின் அமைப்பு வேறு. அடியில் காகிதம், அதன் மேல் பேரியம் சல்ஃபேட்டை ஜெலட்டினில் கலந்து பூசிய பாரைட்டா அடுக்கு, அதற்கு மேல் வெள்ளி உப்பைத் தாங்கிய ஜெலட்டின், எல்லாவற்றுக்கும் மேலே கீறல் விழாமல் காக்கும் மெல்லிய ஜெலட்டின் பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கிறது. காகிதம் முழுவதும் ஊறுகிறது, நார்கள் உப்புகின்றன, உலரும்போது ஒவ்வொரு நாரும் தன் போக்கில் சுருங்குகிறது. பாரைட்டா அடுக்கு அந்த மேடுபள்ளங்களைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது என்றாலும், முற்றிலும் மறைப்பதில்லை. எஞ்சிய நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிறிது சிதறடிக்கின்றன. நீங்கள் காணும் மங்கிய மினுக்கம் அதனால் வருவது. ஈரமாக இருக்கும்போது அந்த மேடுபள்ளங்களைத் தண்ணீர்ப் படலம் நிரப்பிச் சமமாக்கிவிடுவதால் மேற்பரப்பு கண்ணாடியாகத் தெரிகிறது.

சுருண்டுகொள்வதற்கான காரணமும் இதே அமைப்பில்தான் இருக்கிறது. உலரும்போது ஜெலட்டின் காகிதத்தைவிட அதிகமாகச் சுருங்குவதால், தாளைத் தன் பக்கம் இழுக்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ, அவ்வளவு கடுமையாக இழுக்கும்.

பழைய ஹைப்போ

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் உறையில் கிளாசி என்று ஏன் போடுகிறார்கள் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. அந்தத் தாள் கிளேசிங் செய்வதற்கென்றே செய்யப்பட்டது. காற்றில் உலர்த்தினால் அதன் பளபளப்பில் பாதிதான் கிடைக்கும்.

ஈர ஜெலட்டினுக்கு ஒரு குணம் உண்டு. உலரும் நேரத்தில் எந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பரப்பின் அச்சையே எடுத்துக்கொள்ளும். வலையைத் தொட்டிருந்தால் வலை பதியும். மெருகேற்றிய குரோமியத் தகட்டைத் தொட்டிருந்தால் கண்ணாடி முகம் வரும். கிளேசிங் என்பது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் இதற்கு ஃபெரோடைப்பிங் என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டதற்கும் கதை இருக்கிறது. 1853இல் பிரான்சில் அடோல்ஃப் அலெக்சாந்தர் மார்த்தேன் விவரித்து, 1856இல் அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்மித் காப்புரிமை பெற்ற இரும்புத் தகட்டுப் படமுறைக்குத்தான் ஃபெரோடைப் என்று பெயர். அதற்குப் பயன்பட்டதைப் போன்ற கரிய மெருகேற்றிய இரும்புத் தகட்டில் பிற்காலத்தில் ஜெலட்டின் பிரிண்டுகளை ஒட்டி உலர்த்தியதால் பெயரும் ஒட்டிக்கொண்டது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். தகட்டை மென்மையான சோப்பு நீரால் கழுவி, ஒரு துகள்கூட இல்லாதபடி அலசிக்கொள்வேன். பிரிண்டை நீரைச் சீராகப் பரவவைக்கும் வெட்டிங் ஏஜென்ட் சில துளிகள் கலந்த நீரில் ஊறவைத்து, சொட்டச் சொட்ட எடுத்து, ஓர் ஓரத்தை முதலில் தகட்டில் படியவைத்து, மீதியை மெல்ல இறக்குவேன். நிறைய தண்ணீர் இடையில் இருப்பது நல்லது. அப்போதுதான் காற்றுக் குமிழ்கள் வெளியேற வழி இருக்கும். பிறகு மேலே ஒரு ஒற்றுத்தாளை வைத்து, ரப்பர் உருளையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி உருட்டுவேன். அதன் பின் பொறுமைதான் தேவை. முழுவதும் உலர்ந்த பிரிண்ட் சின்னச் சடசடப்போடு தானாகவே கழன்று விழும். கழலாததைப் பிடித்து இழுத்தால் படத்தின் பாதி தகட்டிலேயே தங்கிவிடும்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். ஒரு முறை அவசரத்தில் வெப்ப உலர்த்தியின் சூட்டை ஏற்றிவிட்டேன். பிரிண்டின் ஒரு பகுதி முன்னதாகவும் மற்றொரு பகுதி பின்னதாகவும் விட்டுவிட்டு விலகியதால், சிப்பி ஓட்டில் இருக்கும் வரிகளைப் போல வளைவளைவான தடங்கள் முழுப்பரப்பிலும் விழுந்துவிட்டன. அதற்கு முந்தைய வாரம் தகட்டைச் சரியாகத் துடைக்காமல் விட்டதால் ஒரு முகத்தின் கன்னப் பகுதியையே இழந்திருந்தேன். கெட்டிப்படுத்தாத ஜெலட்டின் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான், கிளேசிங் செய்தவர்கள் படிகாரம் கலந்த ஹைப்போவை விரும்பினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன்: நன்றாக வந்த ஒரு கிளேஸ் பிரிண்டின் கருமைக்கு ஈடு எதுவும் இல்லை.

சாம்பல் மண்டலம்

பழைய ஹைப்போ அவர்கள் சொன்ன செய்முறையில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு. கிளாசி என்ற சொல் கிளேசிங்கை மட்டுமே குறிக்கிறது என்பதை ஏற்க முடியவில்லை. கிளாசி ஃபைபர் தாளைக் காற்றில் உலர்த்துவதால் வரும் பரப்பைப் பாதிப் பளபளப்பு என்று தள்ளிவிடாமல், தனக்கென ஒரு தன்மை உடைய பரப்பாகவே பார்க்க வேண்டும். பளபளப்பற்ற மேட் தாளில் கருமையின் அடர்த்தி ஏறத்தாழ 1.6 அளவில் நின்றுவிடுகிறது. அதாவது, விழுந்த ஒளியில் சுமார் 2.5 விழுக்காடு திரும்பி வந்துவிடுகிறது. காற்றில் உலர்ந்த கிளாசி பரப்பிலோ அடர்த்தி 2.1 வரை எட்டுகிறது; திரும்புவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கிளேசிங் இதற்கு மேலும் சிறிது கொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிதைக் காண, அறையின் ஒவ்வொரு விளக்கையும் படத்தில் பிரதிபலிக்காத இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். கருமை கூடிய இடத்தில் என் சட்டையின் வெள்ளைப் பொத்தான் தெரிந்தால் எனக்கு என்ன பயன்?

வேறொன்றையும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பிரிண்டில் தூசியால் விழும் வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் சாயம் தொட்டு மறைக்கும் வேலை இருக்கிறதே, கிளேஸ் செய்த பரப்பில் அது பெரும் தொல்லை. தொட்ட இடமெல்லாம் பளபளப்பு இழந்து, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பொட்டுப் பொட்டாகத் தெரியும். காற்றில் உலர்ந்த பரப்பு இதைத் தாங்கிக்கொள்கிறது. தேவைப்பட்டால் சாயத்தில் துளி கருவேலம் பிசின் கலந்தால் மினுக்கமும் பொருந்திவிடும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் 1932இல் எஃப்/64 குழுவாகச் சேர்ந்து, மென்மையான மேட் தாள்களில் ஓவியத்தை ஒத்த படங்களைச் செய்யும் போக்கை எதிர்த்து நின்றபோது, வழவழப்பான தாளையே தேர்ந்தார்கள் என்பது தெரிந்ததுதான். கூர்மையைக் காகிதத்தின் இழைவு தின்றுவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். அந்தக் கூர்மைக்குக் கண்ணாடி முகம் கட்டாயமில்லை என்பது என் வாதம்.

பழைய ஹைப்போ

பொத்தான் தெரிந்தால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. மற்றபடி புள்ளி மறைக்கும் வேலையைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். நெகட்டிவைத் தூசியில்லாமல் வைத்துக்கொள்ளும் ஒழுக்கத்தை எனக்குக் கற்பித்ததே அந்தத் தொல்லைதான்.

ஈரத்தாள்

இருவருக்கும் நன்றி. வாதத்தின் நடுவே என் ஓரங்கள் இன்னும் நெளிந்தபடியே இருக்கின்றன. காற்றில் உலர்த்துவது என்று முடிவு செய்தால், வலைத்தடமும் அலையும் இல்லாமல் செய்ய வழி உண்டா? படமுகத்தை மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்பதில் படித்த இடமெல்லாம் வெவ்வேறாகச் சொல்கிறார்கள்.

வெள்ளியுப்பு

மேலா கீழா என்ற கேள்விக்கு இரு விடையும் சரியாக இருக்கலாம். எதுவானாலும், அதற்கு முன்பாகச் செய்ய வேண்டிய வேலையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பிரிண்டைக் கழுவிய தண்ணீரோடு அப்படியே வலையில் வைத்தால், வலைக்கும் ஜெலட்டினுக்கும் இடையில் தேங்கும் நீர் கட்டம் கட்டமாக உலர்ந்து தடம் விடும். சாய்த்து வைத்த சுத்தமான கண்ணாடியின் மேல் பிரிண்டைப் போட்டு, முதலில் பின்புறத்தையும் பிறகு படமுகத்தையும் ரப்பர் துடைப்பானால் ஒரே சீராக வழித்துவிடுங்கள். துடைப்பானின் விளிம்பில் ஒரு மணல் துகள் இருந்தாலும் நீளக் கீறல் விழும். ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள். வழித்த பிறகு மேற்பரப்பில் துளிகளே இருக்கக் கூடாது. துளி நின்ற இடம் மற்ற இடங்களைவிடத் தாமதமாக உலர்வதால், பளபளப்பில் வட்டமான வேறுபாடு தெரியும்.

நைலான் வலை தளர்ந்து தொய்யும். கண்ணாடி இழையால் நெய்து பிளாஸ்டிக் பூசிய வலை இறுக்கமாக நிற்கும், துருப்பிடிக்காது, கழுவவும் எளிது. நன்றாக வழித்த பிரிண்டை அதன் மேல் முகம் கீழாக வைத்தால், தாளின் எடையே சுருட்டலை ஓரளவு அடக்கும். உங்கள் தாளின் ஜெலட்டின் மிக மென்மையானதாக இருந்து அப்போதும் தடம் பதிந்தால், முகம் மேலாக வையுங்கள். அப்போது சுருட்டல் கூடுதலாக இருக்கும். பரப்பு மாசற்று இருக்கும். சுருண்ட தாளைப் பிறகு நிமிர்த்திவிடலாம், பதிந்த தடத்தை மறுபடி ஊறவைக்காமல் அகற்ற முடியாது.

ஓரம் நெளிவதற்குக் காரணம் வேகம். தாளின் நடுப்பகுதி ஈரமாக விரிந்து நிற்கும்போதே ஓரம் உலர்ந்து சுருங்கிவிடுகிறது. நடுப்பகுதி பிறகு சுருங்க முனையும்போது ஓரம் இணங்குவதில்லை. எனவே மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், முடிந்தால் மேலே இன்னொரு வலைச்சட்டத்தைக் கவிழ்த்து மூடுங்கள். இரவு முழுவதும் எடுத்துக்கொள்ளட்டும். தலைமுடி உலர்த்தும் கருவியை ஒளியூட்டும் நேரத்தைக் கண்டறியப் போடும் சோதனைத் துண்டுகளுக்கு மட்டுமே நான் பயன்படுத்துவேன்.

வலைச்சட்டம் இல்லாதவர்கள் செய்யும் எளிய வழியும் உண்டு. ஒரே அளவிலான இரண்டு பிரிண்டுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்து, மேலே இரு மூலைகளிலும் கீழே இரு மூலைகளிலும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால், ஒன்று ஒரு பக்கம் இழுக்க, மற்றது மறுபக்கம் இழுத்து, இரண்டும் ஏறத்தாழ நேராகவே உலரும். நீங்கள் முதலில் கயிற்றைத் தேர்ந்தது தவறில்லை, தனித்தனியாகத் தொங்கவிட்டதுதான் தவறு.

கண்ணாடித் தகடு

நான் வலையையே விட்டுவிட்டவன். பிரிண்டை நன்றாக வழித்து, படமுகம் மேலாகத் தடித்த கண்ணாடியில் படியவைத்து, நான்கு ஓரங்களையும் தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித நாடாவால் கண்ணாடியோடு ஒட்டிவிடுகிறேன். ஈரத்தில் விரிந்திருக்கும் தாள் உலர உலரச் சுருங்க முயல்கிறது, நாடா விடுவதில்லை. முடிவில் மேளத்தின் தோல்போல விறைத்து நிற்கும். பிறகு நாடாவின் உள்விளிம்பை ஒட்டிக் கத்தியால் வெட்டி எடுத்தால், நிமிர்த்தும் வேலையே இல்லாமல் தட்டையான பிரிண்ட் கைக்கு வரும்.

பளபளப்பு பற்றிய இந்த இழையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த முறையில் ஜெலட்டின் எதையும் தொடுவதில்லை, இழுவிசையோடு உலர்வதால் காகிதத்தின் மேடுபள்ளமும் குறைகிறது. காற்றில் உலர்த்தும் முறைகளில் மிக வழவழப்பான பரப்பை நான் கண்டது இதில்தான்.

இதற்கான விலையையும் சொல்லிவிட வேண்டும். நாடா பிடிப்பதற்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெள்ளை ஓரம் போய்விடும். ஒரு பிரிண்டுக்கு ஒரு கண்ணாடி வேண்டும். நாடா சரியாக ஒட்டாத ஓர் இடம் இருந்தால் நள்ளிரவில் அங்கே பிய்த்துக்கொண்டு தாள் கோணலாகிவிடும். விரைவாக உலர்த்தினால் மெல்லிய தாள் கிழியவும் கிழியும். சாதாரண செலோடேப் ஈரத்தில் நிற்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் என்னிடம் இருமுறை கேட்டுவிட்டார்கள்.

செவ்விளக்கு

வெப்ப உலர்த்தியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். அந்தக் கருவிகளில் பிரிண்டை அழுத்திப் பிடிக்கும் கித்தான் துணி இருக்கிறது அல்லவா? சரியாகக் கழுவாத ஒரு பிரிண்ட் அதில் போனால் போதும். எஞ்சிய ஹைப்போ துணியில் ஊறி, அடுத்து வரும் நன்றாகக் கழுவிய பிரிண்டுகளுக்கும் ஏறிவிடும். பல மாதங்களுக்குப் பிறகு மஞ்சளும் பழுப்புமாகக் கறை வரும்போது, கழுவியதில்தான் குறை என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்வீர்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஒற்றுத்தாளிலும் இதே ஆபத்து உண்டு. அதன் நார்கள் ஈர ஜெலட்டினில் ஒட்டிக்கொள்வது தனிக்கதை. வலைச்சட்டத்தைச் சோப்பு போட்டுக் கழுவிவிடலாம் என்பதே எனக்கு அதன் முதற்பெருமை.

படிகாரம் கலந்த ஹைப்போவைப் பற்றியும் ஒரு சொல். ஜெலட்டினைக் கெட்டிப்படுத்துவது கழுவுதலை நீட்டித்துவிடும். இல்ஃபோர்ட் நிறுவனம் ஃபைபர் தாளுக்குப் பரிந்துரைக்கும் விரைவு வரிசையில், கெட்டிப்படுத்தும் பொருள் இல்லாத ரேபிட் ஃபிக்சரில் (விரைவு வகை ஹைப்போவில்) 1 நிமிடம், ஓடும் நீரில் 5 நிமிடம், ஹைப்போ கழுவி வெளியேற உதவும் வாஷ் எய்டில் 10 நிமிடம், மீண்டும் நீரில் 5 நிமிடம் போதும். படிகாரத்தைச் சேர்த்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. சூட்டில் கிளேஸ் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

ஈரத்தாள்

ஏற்கெனவே குழாயாகச் சுருண்டவற்றை மீட்க முடியுமா?

வெள்ளியுப்பு

முடியும். விரிசல் விழுந்ததைத் தவிர மற்றவற்றை மீண்டும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முதலிலிருந்து உலர்த்துங்கள். இலேசாக வளைந்தவற்றுக்கு இவ்வளவு வேண்டாம். பிரிண்டை அட்டையில் சூட்டால் ஒட்டப் பயன்படும் டிரை மவுண்ட் பிரஸ் கிடைத்தால், முதலில் இரண்டு அட்டைகளைத் தனியே சூடாக்கி அவற்றின் ஈரத்தைப் போக்கிவிட்டு, பிரிண்டை அவற்றின் இடையில் வைத்து 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் ஓரிரு நிமிடம் அழுத்தி, உடனே ஒரு கனமான கண்ணாடியின் கீழ் ஆறவிடுங்கள். சூடாக எடுத்துத் திறந்து வைத்தால் கண்ணெதிரே மறுபடி சுருளும். பிரஸ் இல்லாவிட்டால் தடித்த புத்தகங்களும் ஒரு வாரப் பொறுமையும் அதே வேலையைச் செய்யும். கிளிசரின் கலந்த கரைசலில் தோய்த்து நெகிழவைக்கும் பழைய முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும் பொருளைப் பிரிண்டுக்குள் வைத்து மூடுவது எனக்கு உவப்பானதல்ல.

சாம்பல் மண்டலம்

முறை எதுவானாலும், ஈரத்தில் பார்த்து முடிவு செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதை ஈரத்தாளுக்குச் சொல்ல விரும்புகிறேன். உலர்ந்ததும் பிரிண்ட் இருண்டுவிடும். வெளிர்ப்பகுதிகளில்தான் அது முதலில் தெரியும். என் தாளில் ஒளியூட்டும் நேரத்தை 8 முதல் 10 விழுக்காடு குறைத்தால் சரியாக வருகிறது. ஈரத்தில் 20 நொடி சரியாகத் தெரிந்தால் 18 நொடி கொடுக்கிறேன். உங்கள் தாளுக்கு உங்கள் கணக்கைச் சோதனைத் துண்டை உலர்த்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஈரப் பளபளப்பு போய்விட்டதே என்ற உங்கள் வருத்தத்தில் ஒரு பங்கு, உண்மையில் இந்த இருட்டல்தான் என்று ஐயப்படுகிறேன்.

ஈரத்தாள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரே நெகட்டிவிலிருந்து ஒரே நேரத்தில் மூன்று பிரிண்டுகள் போட்டு, ஒன்றை நாடாவால் கண்ணாடியில் ஒட்டியும், ஒன்றை மூடிய வலைச்சட்டத்தில் முகம் மேலாக வைத்தும், ஒன்றைக் குரோமியத் தகட்டில் சூடின்றிக் கிளேஸ் செய்தும் உலர்த்தினேன்.

கிளேஸ் செய்தது மறுநாள் காலையில் பழைய ஹைப்போ அவர்கள் சொன்ன அதே சடசடப்போடு விழுந்தது. அந்த ஓசைக்காகவே இன்னொரு முறை செய்யலாம் என்று தோன்றியது. கருமை அபாரம். ஆனால் வலப்புறம் ஒரு காற்றுக் குமிழ் நின்ற இடம் மங்கலான புள்ளியாகிவிட்டது. ஒருமுறை கண்ணில் பட்ட பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை. அதை மீண்டும் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காற்றில் உலர்த்தினேன். கண்ணாடி முகம் முற்றிலும் போய், வலைச்சட்டத்தில் உலர்ந்ததோடு வேறுபாடு காண முடியாதபடி ஆகிவிட்டது. பளபளப்பு தாளுக்குள் இல்லை, கடைசியாகத் தொட்ட பரப்பில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

சாம்பல் மண்டலம் அவர்களின் ஐயமும் சரி. நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துப் போட்ட பிரிண்டில் ‘மங்கல்’ என்று நான் குறைபட்டது பெரும்பாலும் மறைந்துவிட்டது. இப்போதைக்கு நாடாவோடு நிற்கிறேன். அடுத்த தொகுதிக்கு, ஒளியூட்டும்போது தாளைப் பிடிக்கும் ஈசல் சட்டத்தை ஒவ்வொரு பக்கமும் 2 சென்டிமீட்டர் ஓரம் வரும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.

பழைய ஹைப்போ

குமிழுக்கு மருந்து அதிகத் தண்ணீரும் மெதுவான கையும்தான். அடுத்த முறை பிரிண்டைத் தகட்டின் மேல் இறக்காமல், தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே தகட்டோடு சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். முடிந்த பிரிண்டுகளை ஈரம் மிகுந்த அறையில் பிளாஸ்டிக் உறைக்குள் அழுத்தி வைக்காதீர்கள். ஜெலட்டின் மறுபடி இளகி, உறை தொட்ட இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாகப் பளபளப்பு ஏறும். அந்தக் கிளேசிங்கை நான்கூட விரும்புவதில்லை.

கண்ணாடித் தகடு

கண்ணாடியின் விளிம்புகளை நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் இருந்த விரல்களுக்கு வெட்டு விழுந்ததே தெரியாது. பிரிண்டின் வெள்ளை ஓரம் சிவந்த பிறகுதான் நான் கவனித்தேன்.